40 பவுண்டுக்கு அடகு போன கோப்பை: நான்-லீக் கால்பந்து என்றால் என்ன?

1911 ஏப்ரல் 17, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை. இத்தாலியின் டூரின் நகரில் ஒரு கால்பந்து இறுதி ஆட்டம். ஒரு பக்கம் உள்ளூர் அணியான யுவென்டஸ். இன்று உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கும் அதே யுவென்டஸ்தான். எதிர்ப்பக்கம் இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் மாவட்டத்திலிருந்து வந்த வெஸ்ட் ஆக்லாந்து. பேரைக் கேட்டு நியூசிலாந்து என்று நினைத்துவிட வேண்டாம். இது ஒரு சின்னஞ்சிறு சுரங்க ஊர். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிப் பிழைத்தவர்கள். ஆட்டம் முடிந்தபோது கோல் கணக்கு 6-1. ஆறு கோல் அடித்தது சுரங்கக்காரர்கள்.

1909-இல் இதே போட்டியை அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை வென்றிருந்தார்கள். இரண்டாம் முறையும் வென்றதால் வெள்ளிக் கோப்பை நிரந்தரமாக அவர்களுக்கே சொந்தமானது. ஆனால் கோப்பையோடு ஊர் திரும்பிய கிளப்பின் கையில் காசு இல்லை; தலைக்கு மேல் கடன். உலகின் பெரிய அணிகளை அடித்து வாங்கிய அந்தக் கோப்பையை, ஊரில் வீட்ஷீஃப் என்ற விடுதியை நடத்திவந்த அம்மையாரிடம் 40 பவுண்டுக்கு ஈடாக வைத்தார்கள். அதை மீட்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது.

நான்-லீக் கால்பந்து என்றால் என்ன என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கோப்பையிலிருந்துதான் தொடங்குவேன். விதிமுறைகளையும் பிரிவுகளையும் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். ஊர்க்காரர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு நடத்தும் கிளப் எப்படி வாழ்கிறது, எப்படிக் கடன்படுகிறது, எப்படி மீள்கிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் தானே புரியும்.

பேரில் உள்ள குழப்பம்

நான்-லீக் என்றால் லீக் இல்லாதது என்றுதானே பொருள்? அப்படியானால் எந்தப் போட்டித் தொடரிலும் சேராமல் சும்மா ஆடுகிற அணிகளா? இல்லை. ஒவ்வொரு நான்-லீக் கிளப்பும் ஏதாவது ஒரு லீகில்தான் ஆடுகிறது. புள்ளிப் பட்டியல், சாம்பியன் பட்டம் எல்லாம் உண்டு. குழப்பத்துக்குக் காரணம் வரலாறு. 1888-இல் இங்கிலாந்தில் 12 கிளப்கள் சேர்ந்து ஒரு தொடரைத் தொடங்கின. கால்பந்து உலகில் அதற்கு முன் அப்படி ஒன்று கிடையாது. ஆகவே அதற்குப் பேரே 'தி ஃபுட்பால் லீக்'. அடைமொழியே தேவைப்படவில்லை. லீக் என்றால் அது மட்டும்தான். அதற்கு வெளியே இருந்த அத்தனை பேரும் நான்-லீக் ஆனார்கள்.

அடுத்த ஆண்டே, 1889-இல், வடகிழக்கு இங்கிலாந்தில் நார்தர்ன் லீக் தொடங்கியது. இன்றும் நடந்துகொண்டிருக்கும் கால்பந்து லீக்களில் உலகிலேயே வயதில் இரண்டாவது இதுதான். வெஸ்ட் ஆக்லாந்து ஆடியது இந்த லீகில். இத்தனை பழமை இருந்தும் வழக்கில் அது நான்-லீக்தான்.

இப்போதைய கணக்கு இது. மேலே பிரீமியர் லீக், 20 கிளப்கள். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. மொத்தம் 92. இந்த 92-க்கும் கீழே இருப்பவை எல்லாம் நான்-லீக். முதலில், அதாவது ஐந்தாவது மட்டத்தில், நேஷனல் லீக். ஆறாவதில் அதுவே வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிகிறது. ஏழாவதில் நான்கு பிரிவுகள், எட்டாவதில் எட்டு, ஒன்பதாவதில் பதினாறு. கோபுரத்தைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே இறங்கினால் எப்படி அகலுமோ அப்படி. கீழே வர வர ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய நிலப்பரப்பு சுருங்கும். ஐந்தாவது மட்டத்தில் நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பயணம் செய்ய வேண்டும். ஒன்பதாவதில் பக்கத்து ஊர்களோடுதான் பெரும்பாலும் மோதல். நார்தர்ன் லீகின் இரண்டு பிரிவுகள் இந்தக் கோபுரத்தின் ஒன்பதாவது, பத்தாவது மட்டங்களில் இருக்கின்றன.

இந்த மட்டங்களுக்கு இடையே கதவு திறந்தே இருக்கிறது என்பதுதான் இங்கிலாந்துக் கால்பந்தின் உயிர்நாடி. நன்றாக ஆடினால் மேலே ஏறலாம், தோற்றால் கீழே இறங்க வேண்டும். ஆனால் ஒரு கதவு மட்டும் வெகுகாலம் மூடிக் கிடந்தது. நான்-லீக்கிலிருந்து ஃபுட்பால் லீகுக்குள் நுழைய, ஆட்டத்தில் வென்றால் மட்டும் போதாது. உள்ளே இருந்த கிளப்கள் ஓட்டுப் போட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசி நான்கு இடங்களில் முடித்த கிளப்களும், வெளியிலிருந்து விண்ணப்பித்தவையும் அந்த வாக்கெடுப்புக்கு நிற்கும். உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்வதே வழக்கம். 1986-87 பருவத்திலிருந்துதான் இந்த முறை ஒழிந்து, சாம்பியன் தானாக மேலே போகும் வழி வந்தது. முதலில் ஏறியது ஸ்கார்பரோ, முதலில் இறங்கியது லிங்கன் சிட்டி.

பழைய முறையும் புதிய முறையும் ஒரே கதையில் கைகோக்கும் இடம் ஒன்று உண்டு. லங்காஷரில் ஆக்ரிங்டன் என்று ஒரு சிறிய ஆலை ஊர். அதன் கிளப்பான ஆக்ரிங்டன் ஸ்டான்லி, கடன் தாங்காமல் 1962-இல் பருவத்தின் நடுவிலேயே ஃபுட்பால் லீகை விட்டு விலகியது. காலியான இடத்துக்கு ஓட்டு மூலம் தேர்வானது ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட். ஆக்ரிங்டன் கிளப் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. 1968-இல் ஊர்க்காரர்கள் அதே பேரில் மறுபடி தொடங்கினார்கள். கீழ்மட்டங்களில் ஊர்ந்து ஊர்ந்து 2006-இல் லீகுக்குள் திரும்பினார்கள். அந்த ஆண்டு லீகிலிருந்து கீழே இறங்கிய கிளப்களில் ஒன்று, 44 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் இடத்தில் வந்து உட்கார்ந்த அதே ஆக்ஸ்ஃபோர்டு.

ஒன்பதாவது மட்டத்திலிருந்து மேலே போக முடியுமா என்றால், முடியும். லண்டனில் விம்பிள்டன் கிளப்பை வேறு நகரத்துக்கு மாற்ற 2002-இல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் தங்களுக்கென்று ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதுக் கிளப்பைத் தொடங்கினார்கள். வீரர்களைத் தேர்ந்தெடுக்கப் பொதுப் புல்வெளியில் திறந்த தேர்வு நடத்தினார்கள். ஒன்பதாவது மட்டத்தில் தொடங்கி, ஒன்பதே பருவங்களில் ஐந்து முறை ஏறி, 2011-இல் ஃபுட்பால் லீகுக்குள் வந்தார்கள்.

ஆனால் எல்லாக் கிளப்களும் ஏற ஆசைப்படுவதில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது விளங்குவது கடினம். ஏறுவதற்கு மைதானத் தகுதி வேண்டும்: இரவு விளக்குக் கம்பங்கள், கூரை போட்ட கேலரி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்கைகள், நுழைவாயில் சுழல்கதவு. இதெல்லாம் இல்லாவிட்டால் சாம்பியன் ஆனாலும் மேலே விடமாட்டார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் பயணம். நார்தர்ன் லீக் கிளப்கள் பல, பல பத்தாண்டுகளாக மேலே போக மறுத்தன. பகலில் வேலை பார்ப்பவர்கள்தான் வீரர்கள். செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் பேருந்தில் போய், நள்ளிரவு தாண்டித் திரும்பி, விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டும். பேருந்துச் செலவு தனி. பக்கத்து ஊரோடு மோதினால் வரும் கூட்டம் தூரத்து ஊரோடு மோதினால் வருவதில்லை. ஆகவே ஏற மறுத்ததைச் சோம்பேறித்தனம் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. வரவு செலவு தெரிந்த குடும்பத் தலைவி எடுக்கும் முடிவைப் போன்றது அது.

சுரங்க ஊரில் பந்து

வெஸ்ட் ஆக்லாந்து எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்துகொள்ள ரயிலில் தொடங்கலாம். 1825 செப்டம்பர் 27-இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில் பாதை திறக்கப்பட்டது; நீராவி இன்ஜின் ஓடிய முதல் பொது ரயில் பாதை என்று உலகம் கொண்டாடுவது. அந்தப் பாதை போடப்பட்டதே இந்தப் பகுதியின் நிலக்கரியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான். உலகின் முதல் இரும்பு ரயில் பாலங்களில் ஒன்று, வெஸ்ட் ஆக்லாந்தில் ஓடும் கான்லெஸ் ஆற்றின் மேல்தான் கட்டப்பட்டது. ஊர் நடுவில் அகன்ற புல்வெளி, அதைச் சுற்றி வீடுகள், பக்கத்தில் சுரங்கம்.

இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கால்பந்து பற்றிக்கொண்டது. ஆறு நாள் பூமிக்கடியில் இருளில் வேலை. சனிக்கிழமை மத்தியானம் வேலை விட்டதும் வெளிச்சத்தில் ஓடி ஆட ஒரு மைதானம். கிளப் நடத்த ஊர்க்காரர்கள் வாரம் கொஞ்சம் போட்டுவந்தார்கள். இப்படித்தான் டர்ஹாம் மாவட்டமே, சில ஆயிரம் பேர் வாழும் ஊர்களிலிருந்து, நாட்டையே ஆட்டிவைத்த அமெச்சூர் அணிகளை உருவாக்கியது.

அமெச்சூர் என்பதையும் இங்கே விளக்கிவிடுகிறேன். சம்பளம் வாங்காமல் ஆடுபவர் அமெச்சூர், வாங்கி ஆடுபவர் புரொபஷனல். இங்கிலாந்துக் கால்பந்து சங்கமான எஃப்.ஏ., சம்பளம் வாங்காதவர்களுக்கென்றே 1893-94-இல் அமெச்சூர் கோப்பையைத் தொடங்கியது. வெஸ்ட் ஆக்லாந்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிஷப் ஆக்லாந்து அதை 10 முறை வென்றது. வேறு எந்தக் கிளப்பும் அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை. 1955, 1956, 1957 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வேறு. 1954 இறுதி ஆட்டத்தில் அதே பிஷப் ஆக்லாந்தும், சில மைல் தள்ளியிருக்கும் க்ரூக் என்ற சிற்றூரும் லண்டன் வெம்பிளியில் மோதியபோது 1,00,000 பேர் பார்த்தார்கள். 2-2. நியூகாசிலில் மறு ஆட்டம், அதுவும் 2-2. மூன்றாவது ஆட்டம் மிடில்ஸ்பரோவில். க்ரூக் 1-0 என்று வென்றது.

1958 பிப்ரவரி 6-இல் மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் தன் வீரர்களை இழந்து நின்றபோது, பிஷப் ஆக்லாந்திலிருந்து பாப் ஹார்டிஸ்டி, டெரெக் லூவின், வாரன் பிராட்லி என்ற மூவர் கைகொடுக்கப் போனார்கள். பிராட்லி அடுத்த ஆண்டே இங்கிலாந்து தேசிய அணிக்கு மூன்று ஆட்டங்கள் ஆடினார். நான்-லீக் என்றால் தரம் குறைந்தது என்று யாராவது சொன்னால் நான் எடுத்துக் காட்டும் மூன்று பேர்கள் இவை.

லிப்டன் கொடுத்த வெள்ளி

இப்போது கோப்பைக்கு வருவோம். அதன் பேர் சர் தாமஸ் லிப்டன் டிராபி. ஆம், தேயிலைப் பொட்டலத்தில் நாம் பார்க்கும் லிப்டன்தான்.

தாமஸ் லிப்டன் கிளாஸ்கோ நகரின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. 1871-இல் அங்கே ஒரு மளிகைக் கடை திறந்தார். இருபதே ஆண்டுகளில் பிரிட்டன் முழுக்கக் கடைகள். 1890-இல் இலங்கைக்கு வந்து மலைநாட்டில் தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்ன தோட்டமும் தேயிலைத் தொழிற்சாலையும் அவருடையவை. அவர் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லும் மலைமுகடு இன்றும் 'லிப்டன் சீட்' என்று அறியப்படுகிறது. இடைத்தரகர் இல்லாமல், தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்ப் பானைக்கு என்பதுதான் அவர் விளம்பரத்தின் சாரம். அதனால் விலை குறைந்தது, வியாபாரம் பெருகியது.

அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கங்காணியின் பின்னால் கடல் கடந்து, காடு கடந்து மலையேறிய தமிழர்கள். அவர்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது கடன். 'துண்டு' என்று ஒரு சீட்டு உண்டு. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் பேரில் உள்ள கடன் எவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு. 1921-இல்தான் அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

டர்ஹாமிலும் இதற்குப் பக்கத்தில் வரும் ஒன்று இருந்தது. 'பாண்ட்' என்று பேர். சுரங்கத் தொழிலாளி ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும், படிக்கத் தெரியாதவர் கீறல் போட வேண்டும். அந்த ஓர் ஆண்டுக்கு வேறு சுரங்கத்துக்குப் போக முடியாது, மீறினால் சிறை. 1872-இல் அது ஒழிந்தது. குடியிருக்கும் வீடும் கம்பெனி வீடுதான். வேலை போனால் வீடும் போகும், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த நம் லயங்களைப் போல. இரண்டு துயரமும் ஒரே அளவு என்று நான் சொல்லவில்லை. டர்ஹாம்காரருக்கு 1869-லேயே சங்கம் இருந்தது, பேசுவது தன் மொழியே, நிற்பது தன் நாடே. ஆனாலும் மலைநாட்டுக் கொழுந்தில் பிறந்த பணத்தில் வார்த்த வெள்ளிக் கோப்பை ஒரு நிலக்கரி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

லிப்டன் விளையாட்டுப் பித்தர். அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றவர். அப்போதும் சோர்ந்து போகாதவர். 1909-இல் டூரினில் பல நாட்டு அணிகள் மோதும் கால்பந்துப் போட்டிக்கு அவர் கோப்பை கொடுத்தார். இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து அணிகள் வந்தன. எஃப்.ஏ. தன் சார்பில் யாரையும் அனுப்பவில்லை. இங்கிலாந்தின் பேரில் போய் நின்றது வெஸ்ட் ஆக்லாந்து.

ஏன் இவர்கள்? வூல்விச் ஆர்சனலின் (இன்றைய ஆர்சனல் கிளப்பின் அன்றைய பேர்) 'டபிள்யூ. ஏ.' என்ற எழுத்துகளைத் தவறாகப் படித்து வெஸ்ட் ஆக்லாந்துக்குக் கடிதம் போட்டுவிட்டார்கள் என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் கதை. காதுக்கு இனிமையாக இருக்கிறது, சான்று கிடையாது. நிச்சயமாகத் தெரிவது இவர்கள் போனார்கள் என்பதும், போவதற்குப் பட்ட பாடும்தான். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. ரயிலுக்கும் கப்பலுக்கும் பணம் வேண்டும். வீட்டுச் சாமான்களை விற்றும் அடகு வைத்தும் போனார்கள் என்று ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 11, ஈஸ்டர் ஞாயிறு: ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அணியை 2-0 என்று வென்றார்கள். மறுநாள் இறுதி ஆட்டம்: சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரை அதே 2-0. இரண்டே நாளில் இரண்டு ஆட்டம், நீண்ட பயணக் களைப்போடு. 1911-இல் பட்டத்தைக் காக்கத் திரும்பவும் போய், அரையிறுதியில் சூரிச் அணியை 2-0 என்று வென்று, யுவென்டஸை 6-1 என்று நொறுக்கினார்கள்.

இதை 'முதல் உலகக் கோப்பை' என்று வெஸ்ட் ஆக்லாந்துக்காரர்கள் உரிமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். கறாராகப் பார்த்தால் அது சரியல்ல. ஆடியவை கிளப் அணிகள், தேசிய அணிகள் அல்ல. ஃபிஃபா நடத்திய முதல் உலகக் கோப்பை 1930-இல் உருகுவேயில். இருந்தாலும், 1930-க்கு 21 ஆண்டுகள் முன்பே நாடு விட்டு நாடு போய்க் கோப்பை வாங்கி வந்த ஊர் அப்படிச் சொல்லிக்கொள்ளும்போது மறுத்துப் பேச எனக்கு மனம் வராது.

அடகும் மீட்பும்

கடன்தான் நான்-லீக் வரலாற்றின் நடு நரம்பு. பெரிய கிளப் கடன்பட்டால் வாங்குவதற்கு யாராவது கோடீசுவரர் வருவார். சின்ன ஊர்க் கிளப்புக்கு வருமானம் நான்கைந்து வழிகளில்தான்: நுழைவுச் சீட்டு, கிளப் ஹவுஸில் விற்கும் பீர், பரிசுக் குலுக்கல் சீட்டு, ஊர்க் கடைக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வைக்கும் விளம்பரப் பலகை, கோப்பைப் போட்டிகளில் வென்றால் எஃப்.ஏ. தரும் பரிசுத் தொகை. சனிக்கிழமை மழை பெய்து மைதானம் சேறாகி ஆட்டம் தள்ளிப்போனால் அந்த வாரம் வரவு இல்லை. செலவோ நிற்பதில்லை.

1911-க்குப் பிறகு வெஸ்ட் ஆக்லாந்து கிளப்பிடம் விற்கத் தகுந்த பொருள் அந்தக் கோப்பை ஒன்றுதான். விற்கவில்லை, ஈடாகத்தான் வைத்தார்கள் என்பது முக்கியம். என்றாவது மீட்க வேண்டும் என்ற எண்ணம் இருந்ததால்தானே ஈடு? நகையைச் சேட்டுக் கடையில் வைத்துவிட்டு, சீட்டைப் பத்திரமாக முந்தானையில் முடிந்துவைக்கும் பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த மனசு அது.

இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. 1960-இல் ஊர்க்காரர்கள் நிதி திரட்டி, 100 பவுண்டு கொடுத்துக் கோப்பையைத் திரும்ப வாங்கினார்கள். அந்தக் காலம் கிளப்புக்கும் நல்ல காலம். 1959-60, 1960-61 என்று இரண்டு பருவங்கள் தொடர்ந்து நார்தர்ன் லீக் சாம்பியன். 1961-இல் அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வெம்பிளி போனார்கள். லண்டன் பக்கத்து வால்தம்ஸ்டோ அவென்யூவிடம் 2-1 என்று தோற்றார்கள்.

மீட்ட கோப்பை ஊரில் தொழிலாளர் மன்றத்தின் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. 1994 ஜனவரியில் அதை யாரோ திருடிக்கொண்டு போனார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. அதே மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். ஊர்ப் புல்வெளியில் அந்த அணிக்கு ஒரு வெண்கலச் சிலையும் நிற்கிறது.

கோப்பைகள்: சின்ன ஊருக்குத் திறக்கும் பெரிய கதவு

நான்-லீக் கிளப்பின் ரசிகரிடம் லீக் புள்ளிப் பட்டியலைவிடக் கோப்பைப் போட்டிகளைப் பற்றிக் கேளுங்கள், முகம் மலரும். 1871-72-இல் தொடங்கிய எஃப்.ஏ. கோப்பையில் 700-க்கும் மேற்பட்ட கிளப்கள் சேர்கின்றன. சின்னக் கிளப்களுக்கு அது ஆகஸ்டிலேயே, கோடை முடியும் முன், தொடங்கிவிடும். தகுதிச் சுற்றுகள் பலவற்றைத் தாண்டினால் நவம்பரில் முதல் சுற்று. அங்கேதான் லீக் ஒன், லீக் டூ கிளப்கள் சேரும். ஜனவரியில் மூன்றாம் சுற்றில் பிரீமியர் லீக்காரர்கள் வருவார்கள். யார் யாரோடு மோதுவது என்பது குலுக்கலில் முடிவாகிறது. ஆகவே தச்சரும் ஆசிரியரும் குழாய் வேலைக்காரரும் சேர்ந்து ஆடும் அணி, கோடிகளில் சம்பளம் வாங்குபவர்களோடு மோதும் நாள் உண்மையிலேயே வரலாம்.

வந்திருக்கிறது. 1977-78-இல், இதே நார்தர்ன் லீகின் பிளைத் ஸ்பார்டன்ஸ், சுரங்கமும் துறைமுகமும் உள்ள பிளைத் என்ற ஊரின் கிளப், ஸ்டோக் சிட்டியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வீழ்த்தி ஐந்தாம் சுற்றுக்குப் போனது. அங்கே ரெக்ஸமோடு 1-1. கடைசி நிமிடம் வரை பிளைத்தான் முன்னிலையில் இருந்தது. நடுவர் ஒரு கார்னரை மீண்டும் எடுக்கச் சொன்னார். அதில் ரெக்ஸம் சமன் செய்துவிட்டது. மறு ஆட்டம் நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில். 42,000-க்கும் மேல் கூட்டம். 2-1 என்று பிளைத் தோற்றது. அந்தக் கார்னரைப் பற்றி அந்த ஊரில் இன்னும் பேசித் தீரவில்லை.

வெஸ்ட் ஆக்லாந்தும் 1998 நவம்பரில் முதல் சுற்றுவரை வந்தது. எதிரி, நாட்டின் தென்மேற்கு மூலையிலிருக்கும் இயோவில். அங்கே போய் 2-2 என்று சமன் செய்து, மறு ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் 1-1. பெனால்டி உதைகளில் கை நழுவியது.

1974-இல் எஃப்.ஏ. அமெச்சூர், புரொபஷனல் என்ற பாகுபாட்டையே நீக்கியது. பல 'அமெச்சூர்' கிளப்கள் வீரர்களின் ஷூவுக்குள் பண நோட்டை மடித்து வைத்துக் கொடுத்துவந்தது ஊரறிந்த இரகசியம். அமெச்சூர் கோப்பை நின்றது. சின்னக் கிளப்களுக்காக எஃப்.ஏ. வேஸ் என்ற புதுக் கோப்பை வந்தது. இப்போது ஒன்பதாவது, பத்தாவது மட்டக் கிளப்களுக்கானது அதுதான். இறுதி ஆட்டம் வெம்பிளியில். நார்தர்ன் லீக் கிளப்கள் இதிலும் கொடி நாட்டின. விட்லி பே 2009, 2010, 2011 என்று மூன்று முறை வரிசையாக வென்றது. 2012 இறுதியில் மோதிய இரண்டும் நார்தர்ன் லீக்காரர்கள்: டன்ஸ்டன், வெஸ்ட் ஆக்லாந்து. டன்ஸ்டன் 2-0. 2014-இல் வெஸ்ட் ஆக்லாந்து மறுபடி வெம்பிளி போய், தெற்கிலிருந்து வந்த ஷோலிங்கிடம் 1-0 என்று தோற்றது. வெம்பிளியில் மூன்று இறுதி ஆட்டங்கள், மூன்றிலும் தோல்வி. டூரினில் இரண்டு, இரண்டிலும் வெற்றி.

ஒரு சனிக்கிழமை

இத்தகைய மைதானத்துக்குப் போனால் என்ன பார்க்கலாம்? ஆட்டம் மூன்று மணிக்கு. வாசலில் சீட்டு கிழிப்பவர் பெரும்பாலும் கிளப்பின் செயற்குழு உறுப்பினர். அவரே காலையில் வந்து மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார். வீரர்களின் சட்டைகளை வாராவாரம் துவைப்பவர் ஒருவர் இருப்பார். யாருக்கும் சம்பளம் இல்லை. ஆடுகளத்தைச் சுற்றி இடுப்பளவு கம்பித் தடுப்பு. அதில் கையை ஊன்றி நின்றால் கோல்கீப்பர் தன் அணியைத் திட்டுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். மேல்மட்ட மைதானங்களில் ஆட்டம் தெரியும் இடத்தில் மது குடிக்க 1985-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது; இங்கே அந்தத் தடை இல்லை, கோப்பையைக் கையில் வைத்தபடி பார்க்கலாம். இடைவேளையில் ரசிகர்கள் கும்பலாக நடந்து மறுபக்கத்துக்குப் போவார்கள், தங்கள் அணி எந்தக் கோலை நோக்கி ஆடப்போகிறதோ அதன் பின்னால் நிற்க. எதிரணி ரசிகர்களும் எதிரே அப்படியே நடந்து வருவார்கள். நடுவில் போலீஸ் கிடையாது. ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டு போவார்கள்.

டீக்கடை ஒன்று கட்டாயம் இருக்கும், மரப்பலகையில் அடித்த சின்னப் பெட்டி. குளிர்நாளில் வரிசை நீண்டிருக்கும். ஆவி பறக்கும் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விரல் சூடேறும் வரை குடிக்காமல் வைத்திருப்பார்கள் கிழவர்கள். வெஸ்ட் ஆக்லாந்தின் மைதானம் டார்லிங்டன் ரோட்டில். சுரங்கம் எப்போதோ மூடிவிட்டார்கள். ஆகஸ்ட் வந்தால் எஃப்.ஏ. கோப்பையின் முதல் தகுதிச் சுற்றுகள் தொடங்கிவிடும்.